தில்லியில் வடக்குப் பார்த்த வீடு: வெயில் எங்கே போயிற்று?

மயூர்விஹார்_மாடிவாசி | ஜனவரி 6, இரவு 9:40

இதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டாலும் சரி, புலம்பல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

செப்டம்பர் கடைசியில் சென்னையிலிருந்து மாற்றலாகித் தில்லி வந்தேன். தரகர் ஒரே தெருவில் இரண்டு வீடுகளைக் காட்டினார். இரண்டும் மூன்றாம் மாடி, இரண்டும் ஒரே அளவு. தெற்குப் பார்த்த பால்கனி இருந்த வீட்டுக்கு வாடகை இரண்டாயிரம் ரூபாய் கூடுதல். தில்லி வெயில் மண்டையைப் பிளக்கும் என்று கேட்டே வளர்ந்தவன் நான். வெயில் விழுகிற வீட்டுக்குப் போய்க் கூடுதல் வாடகை கேட்கிறாரே, இவருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே வடக்குப் பார்த்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். மாம்பலத்தில் எங்கள் வீடும் வடக்குப் பார்த்ததுதான். வைகாசி முழுக்க வாசல் படியிலேயே அம்மா கூழ் வடகம் காயவைத்துவிடுவார். ஆகவே துணி காயும் அளவுக்கு வெயில் வரும், ஆளை வாட்டும் அளவுக்கு வராது என்று எனக்குள் ஒரு கணக்கு.

டிசம்பர் பிறந்ததிலிருந்து என் பால்கனியில் ஒரு விரற்கடை வெயில்கூட விழவில்லை. வெள்ளிக்கிழமை கொடியில் போட்ட ஜீன்ஸின் இடுப்புப் பட்டி திங்கட்கிழமையும் சில்லென்று இருக்கிறது. எதிர்க்கட்டடத்தின் பால்கனிகளெல்லாம் என்னைப் பார்த்தபடி இருக்கின்றன. பதினோரு மணிக்கு அங்கே நாற்காலி போட்டு ஆரஞ்சு உரிக்கிறார்கள். வேர்க்கடலைத் தோலை ஊதி ஊதித் தெருவில் விடுகிறார்கள். நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதை வேடிக்கை பார்க்கிறேன்.

இது மூடுபனியின் வேலையா, புகையின் வேலையா, எதிர்க்கட்டடம் மறைக்கிறதா? எப்போதுதான் வரும் வெயில்?

கரோல்பாக்_டிகாஷன் | ஜனவரி 6, இரவு 10:15

பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி. இந்த மாதங்களில் பூமி சூரியனைவிட்டுத் தூரமாகப் போய்விடுகிறது, அதனால்தான் இந்தக் குளிர். தை பிறந்தால் திரும்பி வரும். அதுவரை இஸ்திரிப் பெட்டிதான் துணை.

ஆர்கேபுரம்_ஓய்வூதியர் | ஜனவரி 7, காலை 8:20

டிகாஷன், உங்கள் காபி சூடாக இருக்கும் என்று நம்புகிறேன், வானியல் ஆறிப்போயிருக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில்தான். இப்போது இடைவெளி சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி. அந்த ஜூலையில்தான் நாம் இங்கே புழுங்கிச் சாகிறோம். தூரம்தான் காரணம் என்றால் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் நடுங்க வேண்டும். டிசம்பர் கடைசியில் மெல்போர்னில் டெஸ்ட் ஆட்டம் பார்த்தீர்களா? அரங்கமே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வெயிலில் உட்கார்ந்திருக்கும்.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான் விஷயம். டிசம்பரில் நம் வடபாதி சூரியனைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது; வெயில் சரிவாக விழுகிறது, பகலும் குறுகுகிறது.

மாடிவாசி தம்பிக்கு: புகையும் குற்றவாளி இல்லை, எதிர்க்கட்டடமும் இல்லை. தில்லி இருப்பது வடக்கு அட்சரேகை 28.6 பாகையில், கடகரேகைக்கு அப்பால். இங்கே நண்பகல் சூரியன் ஆண்டில் ஒரு நாள்கூடத் தலைக்கு நேர் மேலே வருவதில்லை. எந்த மாதமானாலும் கொஞ்சமாவது தெற்கே ஒதுங்கித்தான் நிற்கும். டிசம்பர் 21 அன்று அடிவானத்திலிருந்து 38 பாகை உயரம்தான் ஏறுகிறது. அன்று நண்பகலில் ஒரு மீட்டர்க் குச்சியை நட்டால் நிழல் வடக்கே 1.28 மீட்டர் நீளும். உங்கள் கட்டடம்தான் அந்தக் குச்சி. நீங்கள் குடியிருப்பது அதன் நிழலில்.

செப்டம்பர் 23 வாக்கிலிருந்து மார்ச் 21 வாக்கு வரை சூரியன் கிழக்குக்குத் தெற்கே தள்ளி உதித்து, மேற்குக்குத் தெற்கே தள்ளி மறைகிறது. அந்த ஆறு மாதமும் வடக்குச் சுவரில் நேர் வெயில் விழ வழியே கிடையாது. நீங்கள் முன்பணம் கொடுத்த வாரத்திலேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜந்தர் மந்தருக்குப் போய்ப் பாருங்கள். 1724-ல் மன்னர் ஜெய்சிங் அங்கே கட்டிய சாம்ராட் யந்திரம் என்கிற பெரிய சூரியக் கடிகாரத்தின் சாய்வுச் சுவர் தில்லியின் அட்சரேகை எவ்வளவு பாகையோ அவ்வளவு பாகை சாய்வில் ஏறுகிறது. அதையே சென்னையில் கட்டியிருந்தால் 13 பாகைதான்; கிட்டத்தட்டப் படுத்தே கிடந்திருக்கும்.

மயூர்விஹார்_மாடிவாசி | ஜனவரி 7, காலை 9:05

மார்ச் 21! ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை) கடைக்காரரிடம் தவணையில் தருவாரா என்று கேட்க வேண்டும்.

ஐயா, ஒரு சந்தேகம். அப்படியானால் மாம்பலத்தில் வடக்கு வாசல் படியில் வடகம் காய்ந்தது எப்படி? அதுவும் உலகின் வடபாதிதானே?

துவாரகா_கூரைத்தகடு | ஜனவரி 7, பிற்பகல் 1:30

கூரையில் சோலார் தகடு பொருத்துவது என் தொழில். ஓய்வூதியர் ஐயாவுக்கு முன்னால் நான் குறுக்கிடுகிறேன்.

சென்னை கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சென்னையின் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நண்பகலில் நட்ட கம்புக்கு நிழலே இருக்காது; நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காட்டுகிறார்கள். அதோடு நிற்பதில்லை. அது இன்னும் வடக்கே நகர்ந்து, ஜூன் 21 வரை போய், திரும்பி ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி சென்னையின் உச்சியைக் கடந்து தெற்கே இறங்குகிறது. நடுவில் இருக்கும் ஏறத்தாழ நான்கு மாதமும் சென்னையில் நண்பகல் சூரியன் வடக்கில். உங்கள் அம்மாவின் வைகாசி வடகம் அந்தக் கணக்கில்தான் காய்ந்தது.

இதில் பலரும் நம்ப மறுக்கும் ஒன்று உண்டு. ஜூன் 21 நண்பகலில் சூரியன் எந்த ஊருக்கு உச்சியில் நெருக்கம், சென்னைக்கா தில்லிக்கா? தில்லிக்கு. ஒரு மீட்டர்க் கம்பின் நிழல் தில்லியில் வடக்கே 9 சென்டிமீட்டர், சென்னையில் தெற்கே 18 சென்டிமீட்டர். தெற்கே போகப் போகச் சூரியன் தலைக்கு மேல் வந்துகொண்டே இருக்கும் என்பது டிசம்பருக்குப் பொருந்தும், ஜூனுக்குப் பொருந்தாது.

ஜனக்புரி_நெல்லைக்காரன் | ஜனவரி 7, பிற்பகல் 2:10

படித்தவர்கள் கூடிக்கூடிப் பேசுகிறீர்கள், எனக்கென்னவோ ஒப்பவில்லை. முப்பது வருடம் திருநெல்வேலியில் இருந்தவன். சூரியன் கிழக்கே உதிக்கும், உச்சிக்கு வரும், மேற்கே விழும். உச்சி வெயிலில் நிழல் காலுக்கடியில் கிடக்கும். அது தெற்கே நீளும் என்பதை என் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.

ஆர்கேபுரம்_ஓய்வூதியர் | ஜனவரி 7, பிற்பகல் 3:45

நெல்லைக்காரரே, சூரியன் சரியாகக் கிழக்கே உதிப்பது ஆண்டுக்கு இரண்டு முறைதான், மார்ச்சில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் தள்ளித்தான். ஜூனில் தில்லியில் கிழக்கிலிருந்து 27 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது.

உங்கள் ஊருக்குச் சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னால் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்றிலிருந்து ஆவணி நடு வரை நான்கரை மாதம் உச்சி வெயிலில் உங்கள் நிழல் தெற்கேதான் விழுந்திருக்கிறது. முப்பது வருடமாக. நீங்கள் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஜூனில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி யாரையாவது மொட்டை மாடியில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வழக்கைத் தள்ளிவைப்போம்.

மாட்டுங்கா_மருமகள் | ஜனவரி 8, காலை 11:20

மும்பையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். சென்னையில் ஜூன் மாதம் ஆறரை மணி தாண்டினால் விளக்கு போட்டுவிடுவோம். இங்கே ஏழே கால் வரை வெளிச்சம். மும்பையில் பகல் நீளம் என்று என் மாமியார் சொல்கிறார். கடல் ஓரம் என்பதாலா?

துவாரகா_கூரைத்தகடு | ஜனவரி 8, பிற்பகல் 12:40

கடல் இல்லை அக்கா, கடிகாரம். நாடு முழுவதற்கும் ஒரே நேரம். அது மிர்சாபூர்ப் பக்கம் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். ஒரு பாகை மேற்கே போனால் சூரியன் நான்கு நிமிடம் தாமதம். சென்னைக்கு ஒன்பது நிமிடம் பின்னடைவு, தில்லிக்கு இருபத்தொன்று, மும்பைக்கு முப்பத்தெட்டு. மாலையில் தாமதமாக மறைகிறதே என்று மகிழ்கிறீர்கள். காலையிலும் அதே அளவு தாமதமாகத்தான் வருகிறது. ஜூன் கடைசியில் மும்பையில் உதயம் சுமார் 6:02, மறைவு 7:18. தில்லியில் 5:24, 7:22. மாலையில் நான்கு நிமிட வித்தியாசம், காலையில் முப்பத்தெட்டு. ஆகப் பகல் நீளம் தில்லியில்தான், ஏறத்தாழ 14 மணி நேரம். அந்த நாளில் சென்னையில் 12 மணி 53 நிமிடம்.

அசாமில் திப்ருகரில் ஜூன் மாதம் நாலேகால் மணிக்கெல்லாம் விடிந்து முடிந்துவிடும். அங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளித் தோட்ட நேரம் என்றே தனியாக வைத்துக்கொள்கின்றன.

லோதிகாலனி_அத்தை | ஜனவரி 14, காலை 7:50

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்து. பால் பொங்கிவிட்டது, சூரியன்தான் வரவில்லை. ஏழே காலுக்கு உதயம் என்று நாள்காட்டி சொல்கிறது. ஜன்னலைத் திறந்தால் வெள்ளைச் சுவர். எதிர்வீட்டு வேப்பமரமே தெரியவில்லை. அடுப்பை நோக்கிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

என் சந்தேகம் வேறு. டிசம்பர் 21 மிகக் குறுகிய பகல் என்கிறீர்கள். அதற்குப் பிறகு காலையில் சீக்கிரம் விடிய வேண்டாமா? நான் நாள்காட்டியைப் புரட்டினால் உதயம் இன்னும் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது. அச்சுப் பிழையா?

ஆர்கேபுரம்_ஓய்வூதியர் | ஜனவரி 14, காலை 10:30

பிழை இல்லை அம்மா. எல்லோரும் தவறுகிற இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். மிகக் குறுகிய பகல், மிகத் தாமதமான விடியல், மிகச் சீக்கிரமான அந்தி மூன்றும் ஒரே நாளில் வருவதில்லை. தில்லியில் மிகச் சீக்கிரம் இருட்டுவது டிசம்பர் தொடக்கத்தில், சுமார் 5:24. மிகத் தாமதமாக விடிவது இந்த வாரத்தில். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. ஆகவே சூரியனின் நண்பகல் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. இந்த வாரங்களில் அது நாளுக்கு அரை நிமிடம்போலத் தள்ளிப்போகிறது. பகல் கூடியிருக்கிறது, டிசம்பர் 21-ஐவிட இன்று 11 நிமிடம் அதிகம். கூடியதெல்லாம் மாலைப் பக்கம் சேர்ந்திருக்கிறது. சென்னையில் இன்னும் வேடிக்கை, அங்கே மிகத் தாமதமான விடியல் தை பிறந்து ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பொங்கல் நாளில் அடிக்க வராதீர்கள். சூரியன் வடக்கே திரும்புவது இன்று இல்லை, மூன்று வாரத்துக்கு முன்பே திரும்பிவிட்டது. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்னால் பொங்கலும் அந்தத் திருப்பமும் ஒரே நாளாக இருந்தன. பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல் மெல்லச் சுழல்வதால் 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விலகி இவ்வளவு தூரம் வந்துவிட்டன. பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது, பருவம் சூரியனைப் பிடித்துக்கொண்டது.

கரோல்பாக்_டிகாஷன் | ஜனவரி 14, காலை 10:48

அதற்காகச் சர்க்கரைப் பொங்கலைத் திருப்பித் தர மாட்டேன்.

லோதிகாலனி_அத்தை | ஜனவரி 14, பிற்பகல் 12:15

ஊரிலிருந்து அண்ணி கேட்டார்: தில்லியில் பனி பெய்கிறதாமே, வாசலில் குவிந்து கிடக்கிறதா? இந்தச் சொல்லால் வரும் குழப்பத்துக்கு அளவே இல்லை. புல் நுனியில் நிற்பதும் பனி, ரயிலை எட்டு மணி நேரம் நிறுத்துவதும் பனி, சிம்லாவில் கூரை மேல் குவிவதும் பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்னவர்கள் முதல் இரண்டைத்தான் பார்த்திருப்பார்கள். தில்லியிலும் அதே கதைதான். இங்கே மூன்றாவது பனி விழுவதில்லை என்று அண்ணியிடம் சொன்னால், அப்புறம் என்ன பெரிய குளிர் என்கிறார்.

என் வீட்டுக்காரர் கண்ணாடி அடைத்த பால்கனியில் உட்கார்ந்து, உடம்புக்கு வைட்டமின் டி ஏறுகிறது என்று மூன்று மணி நேரம் செய்தித்தாள் படிக்கிறார். ஏறுமா?

துவாரகா_கூரைத்தகடு | ஜனவரி 14, பிற்பகல் 1:05

செய்தி ஏறும். வைட்டமினுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடுகிறது. சூடு மட்டும்தான் உள்ளே வருகிறது. காலை ஏழு மணி இளவெயில்தான் விசேஷம் என்பதும் அப்படித்தான். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து, வடிகட்டிப்போய் வருகிறது. நிழல் ஆளைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் நல்ல நேரம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. தில்லி டிசம்பரில் நடுப்பகலில்கூட நிழல் ஆளைவிட நீளம்! ஐயாவைக் கண்ணாடிக்கு வெளியே, பன்னிரண்டரை மணிக்கு உட்காரச் சொல்லுங்கள். கூடவே மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தொழிலில் தினம் கேட்கும் ஒன்று: மே மாதம் வெயில் கொளுத்துமே, மின்சாரம் கொட்டுமா? தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. தகட்டின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. மே மாத மொட்டை மாடியில் தகடு 65 டிகிரி சுட்டால் ஏழில் ஒரு பங்கு போயிற்று. புழுதி படிந்தால் இன்னும் போகும். கழுவித் துடைத்த மார்ச் மாத நாளில் மீட்டர் ஓடுகிற ஓட்டத்தை மே மாதத்தில் நான் பார்த்ததில்லை.

மாட்டுங்கா_மருமகள் | ஜனவரி 14, மாலை 4:30

பெங்களூரு சென்னைக்கு வடக்கே இருப்பதால் குளிர்ச்சி என்று என் கணவர் சொல்கிறார். இங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுங்கள், வீட்டில் பந்தயம்.

ஆர்கேபுரம்_ஓய்வூதியர் | ஜனவரி 14, மாலை 5:10

பந்தயப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பெங்களூரு சென்னைக்கு ஒரு பொட்டுத் தெற்கே இருக்கிறது. குளிர்ச்சிக்குக் காரணம் 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். கிலோமீட்டருக்கு ஆறு டிகிரி சொச்சம் குறையும். உயரே போனால் சூரியனுக்குப் பக்கம்தானே, சுட வேண்டாமா என்று என் பேரன் கேட்டான். 15 கோடிக் கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் எந்த மூலை! காற்றைச் சுடவைப்பது நேராகச் சூரியன் இல்லை, சுட்ட தரை.

ஜனக்புரி_நெல்லைக்காரன் | ஜூன் 16, இரவு 8:20

இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். வழக்கு நிலுவையில் இருந்தது.

இன்று பன்னிரண்டரை மணிக்கு அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசி மொட்டை மாடிக்கு அனுப்பினேன். இந்த வெயிலில் கிழவனை மாடிக்கு ஏற்றுகிறாயே என்று திட்டிக்கொண்டே ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு சொன்னார்: தெற்கே, கோயில் பக்கமாக. ஒரு முழம் இருக்கும். தொட்டியை யாராவது திருப்பி வைத்தார்களா என்று வேறு என்னையே கேட்டார்.

ஓய்வூதியர் ஐயா, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

ஆர்கேபுரம்_ஓய்வூதியர் | ஜூன் 17, காலை 6:30

தீர்ப்பு வந்ததில் மகிழ்ச்சி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், மோர் கொடுக்கச் சொல்லுங்கள்.

தூக்கம் வராமல் இதையும் எழுதுகிறேன். ஜூன் 21-தான் உச்சம் என்றால் அன்றுதானே வெப்பமும் உச்சமாக இருக்க வேண்டும்? தென்னகம் கத்திரியில், மே மாதத்திலேயே வேகிறது. தில்லியில் மே கடைசியிலிருந்து பருவமழை வரும் வரை அடுப்பு. ஜூன் கடைசி வாரத்தில் மேகம் வந்தால் மூடி போட்டதுபோல் இறங்குகிறது. சூரியன் மட்டும் வெப்பத்தைத் தீர்மானிப்பதில்லை, மேகமும் ஈரமும் கடலும் பங்குக்கு நிற்கின்றன. சென்னைக்குப் பிற்பகலில் கடற்காற்று உண்டு. நமக்கு ராஜஸ்தானிலிருந்து லூ என்கிற அனல் காற்றுதான். போதாக்குறைக்குப் பகலும் ஒரு மணி நேரம் நீளம்.

வெப்பமானியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று நாடே அலறியது நினைவிருக்கும். வானிலைத் துறை போய்ப் பார்த்துவிட்டு, கருவி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது என்றது. அதே நாளில் தில்லியின் முதன்மை வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் 46.8. அதுவே போதும் நம்மை வறுக்க.

மயூர்விஹார்_மாடிவாசி | ஜூன் 22, காலை 6:10

எழுப்பிவிட்டீர்கள் என்பதால் நானும் வந்து அழுதுவிட்டுப் போகிறேன். எழுப்பியது நீங்கள் மட்டும் இல்லை. காலை ஐந்தரைக்குத் தலையணை மேல் வெயில்.

ஆமாம், அதே வடக்குப் பால்கனி. வடகிழக்கிலிருந்து சாய்வாக உள்ளே வருகிறது, ஒன்பதரை தாண்டித்தான் போகிறது. அப்பாடா என்று இருந்தால் மூன்று மணிக்கு மேல் வடமேற்குப் பக்கமாகத் திரும்ப வந்து, ஏழே கால் வரை சுவரைக் காய்ச்சிவிட்டுப் போகிறது. இரவு பதினொன்றுக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல். எதிர்க்கட்டடத்துக்காரர்கள்? நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் மேல்தளத்து நிழலே அவர்களுடைய தெற்குப் பால்கனியை மூடிவிடுகிறது. வேண்டிய காலத்தில் அவர்களுக்கு வெயில், வேண்டாத காலத்தில் எனக்கு. இரண்டாயிரம் ரூபாய் எதற்கு என்று தரகருக்குத் தெரிந்திருக்கிறது. அவரைப் பைத்தியம் என்று நினைத்தேனே!

நேற்று அவரிடமே பேசினேன். தெற்குப் பார்த்த வீடு ஒன்று ஆகஸ்டில் காலியாகிறதாம். இப்போது மூவாயிரம் கூடுதல்.

லோதிகாலனி_அத்தை | ஜூன் 22, காலை 8:00

அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இவ்வளவு வெயில் வருகிறதே, வடகம் போட்டீர்களா?

மயூர்விஹார்_மாடிவாசி | ஜூன் 22, காலை 8:20

போட்டேன் அத்தை. அம்மாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே கூழ் கிண்டி, பழைய வேட்டியில் வரிசையாகப் பிழிந்தேன். காலை வெயிலிலேயே மேல்பக்கம் காய்ந்துவிட்டது. நாலு மணிக்குப் புழுதிக்காற்று வந்தது. பொரித்துப் பார்த்தோம், நறநறவென்று இருக்கிறது. வடகத்தின் மொறுமொறுப்பு இல்லை அது.